கிணற்றுக்குக் கம்பி வலை போடும் விஷயமாக

நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே,
நம் தோட்டத்து வீடு.

அன்பு மகன் தீனதயாளனுக்கு உன் அப்பா குழந்தைவேல் எழுதிக்கொள்வது.

குலசாமி தயவில் இங்கே நான், உன் அம்மா, எருமை, கிணறு ஆகிய நால்வரும் சௌக்கியம். கிணற்றை எதற்குச் சேர்த்தேன் என்றால், இந்தக் கடிதமே அதன் சார்பில் எழுதப்படுவதுதான். அங்கே சென்னையில் நீயும் மருமகள் வித்யாவும் பேரன் சித்தார்த்தும் உன் இடுப்பும் சௌக்கியமா என்று தெரியப்படுத்தவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ, "அப்பா, மீட்டிங்ல இருக்கறேன், பொழுதோட கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். பொழுதோடு கூப்பிட்டால் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்து, "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டு முடித்துக்கொள்கிறேன். கடிதத்துக்கு நடுவில் மீட்டிங் வராது. உட்கார்ந்து முழுதாகப் படி. உட்கார முடியாவிட்டால் படுத்துக்கொண்டு படி.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை வெல்டிங் பட்டறை பூபதி வந்து நம் கிணற்றின் வாயை இரும்புக் கம்பி வலை போட்டு மூடப்போகிறான். அது உன் உத்தரவு. கேட்டால், "நீங்கதானேப்பா தலையாட்டுனீங்க" என்கிறாய். தலையாட்டியது உண்மை. ஏன் ஆட்டினேன் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். ஆனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலை போடக் கூடாது. நான் நாளைக்கும் குதிப்பேன். நாளை மறுநாளும் குதிப்பேன்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. வயசான காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அதைத்தானப்பா நானும் செய்துகொண்டிருக்கிறேன்! நேஷனல் பர்மிட் லாரியிலிருந்து நான் கடைசியாக இறங்கி வீடு வந்த நாளில் என் உடம்பு எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார். தொப்பை ஸ்டியரிங்கில் இடித்தது. முட்டி மடங்காது, மடங்கினால் நிமிராது. சர்க்கரை வேறு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதையெல்லாம் சரி செய்தது எந்த மாத்திரையும் இல்லை, இந்தக் கிணறுதான். விடிந்ததும் மோட்டார் ரூம் பக்கத்துக் கல்லிலிருந்து ஒரு குதி, நாலு மூலையையும் தொட்டு ஒரு சுற்று, மூச்சடக்கி ஒரு முங்கு, படியேறி மேலே. அவ்வளவுதான். ஒரே ஒரு குறை, முங்கி எழுந்தால் மத்தியானம் வரை காது அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் மத்தியானத்துக்கு முன்னால் காதில் வாங்கத் தக்க பேச்சு எதுவும் நடப்பதில்லை என்பதால் அதை நான் குறையாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

போன தை மாதம் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதனை செய்ய வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? லாரி இன்னும் ஓடத் தகுதியானதா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எப்.சி. காட்டுகிற மாதிரி. அன்று டாக்டர் என் இருதயப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்களே, என்ன எக்சர்சைஸ் பண்றீங்க?" என்று கேட்டார். "நீச்சலுங்க" என்றேன். "சூப்பர், நீச்சலைவிட நல்லது எதுவுமே கிடையாது" என்றார். "கெணத்துலீங்க" என்றேன். பேனாவை மூடிவிட்டார். "கிணறெல்லாம் வேண்டாங்க, காலையில கொஞ்சம் வாக்கிங் போங்க" என்றார். அதே இருதயம்தான், அதே தண்ணீர்தான். கிணறு என்ற சொல் காதில் விழுந்ததும் நல்லது கெட்டதாகிவிட்டது. என் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த டாக்டரின் சட்டைப் பொத்தான் வயிற்றின் மேல் பட்ட பாட்டை நீயும் பார்த்தாய். எப்.சி. காட்ட வேண்டியது யார் என்று நான் கேட்கவில்லை. மரியாதைக்காகக் கம்மென்று வந்தேன்.

அதற்கப்புறம் நீ, நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் அனுப்பினாய். நான் மறுக்கவில்லை. மகன் ஆசையாக அனுப்பியது என்று அதன் மேல் ஏறி நின்றேன். நின்ற நேரம் கரண்ட் போய்விட்டது. சரி, வரட்டும் என்று அதன் மேலேயே நின்றபடி ஆண்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆண்டியைத் தெரியுமல்லவா, என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்து என்னோடேயே படிப்பை நிறுத்தியவன். பேச்சு சுவாரசியத்தில் கரண்ட் வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை, மெஷின் கவனித்துவிட்டது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்கித் தொலைத்தேனோ, விசுக்கென்று பின்னால் இழுத்து, நெல் மூட்டைச் சந்தில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கிணறு என்னை ஒருநாளாவது தள்ளிவிட்டிருக்குமா? நானாகத்தான் குதித்திருக்கிறேன். தள்ளிவிட்டது நீ அனுப்பிய மெஷின். இப்போது அதன் மேல் உன் அம்மா வடகம் காயப்போடுகிறாள். நன்றாகக் காய்கிறது.

சென்னையில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்ததையும் எழுதிவிடுகிறேன், வித்யா இன்னும் மனசில் வைத்திருப்பாள். உங்கள் அடுக்குமாடியில் நீலக் கல் பதித்த நீச்சல்குளம் இருக்கிறது என்று நீதான் பெருமையாகக் காட்டினாய். காட்டினால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? கீழே போனேன், வேட்டியை அவிழ்த்து வைத்தேன், வழக்கம்போல நம்மூர்க் குதி ஒன்று குதித்தேன். ஓரத்தில் நாற்காலி போட்டுப் படுத்திருந்த மூன்று வீட்டுக்காரர்களின் செல்போன் நனைந்துவிட்டது. குளத்தின் ஆழம் என் இடுப்புக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் நம் எருமை படுத்தால் முதுகு நனையாது! செக்யூரிட்டி ஓடி வந்து சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினான். குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, நைலான் உடுப்பும் தலைக்குத் தொப்பியும் இல்லாமல் இறங்கக் கூடாது. "அப்ப எதுக்குப்பா தண்ணி உட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. சங்கத்திலிருந்து உனக்குக் கடிதம் வந்தது, நீ தலைகுனிந்தாய். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் தப்பு என்னுடையது என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை.

இனி நீ வலை போடச் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன். அன்று நடந்ததைப் பற்றி உன் அம்மா உனக்குச் சொன்னது பாதி, நர்சம்மா சொன்னது கால், பேப்பரில் வந்தது அத்தனையும் தப்பு. வரிசையாக நான் சொல்கிறேன், கேள்.

வழக்கம்போல விடிந்ததும் குதித்தேன். உன் அம்மா கட்டுத்தறியில் பால் கறக்கப் போயிருந்தாள். என் நீச்சலில் அவளுக்கு என்றைக்குமே அக்கறை கிடையாது, எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். ஆண்டி மட்டும் மொபெட்டை வண்டிப்பாதையில் நிறுத்திவிட்டு மேலே நின்று நான் எவ்வளவு நேரம் மூச்சடக்குகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பஸ் ஸ்டாப் டீக்கடையிலிருந்து எங்கள் கூட்டாளி வீரபாகு போன் போட்டு, "கொழந்த எங்கடா, இன்னும் காணோம்?" என்று கேட்டிருக்கிறான். எனக்கு எழுபத்து நான்கு ஆனாலும் என் வயசுக்காரர்களுக்கு நான் இன்னும் கொழந்தைதான், இந்த ஊரில் யாரும் என் பெயரில் மிச்சமுள்ள 'வேல்' என்பதையும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆண்டிக்குப் போன் என்றால் கத்த வேண்டும். எதிராளி தூரத்தில் இருக்கிறான் அல்லவா, அதற்குத் தக்க குரல் வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆகவே காடு அதிரக் கத்தியிருக்கிறான்: "கொழந்தையா? கெணத்துல உழுந்து ரொம்ப நேரமாச்சு! முங்குனது இன்னும் மேல வரல! நீ டீ சொல்லு, இதா வாரேன்!" கத்திவிட்டு மொபெட்டில் ஏறி டீ குடிக்கப் போய்விட்டான்.

அதே நேரம் வண்டிப்பாதையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவர் நம் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் நர்சம்மா ஜெயப்பிரியா. வாழப்பாடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என்னை அவருக்குத் தெரியாது, என் பெயர் அதைவிடத் தெரியாது. குழந்தை கிணற்றில் விழுந்து முங்கிக் கிடக்கிறது என்று சொல்லி, அதே வாயால் டீயும் சொல்லச் சொல்லிவிட்டு ஒரு மனுஷன் வண்டியில் போகிறான் என்றால் கேட்டவருக்கு ஈரக்குலை நடுங்குமா நடுங்காதா? ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். ஆள் இல்லை, தண்ணீர் மட்டும் அலையடித்துக்கொண்டிருந்ததாம். அடிக்காதா பின்னே, குதித்து எழுந்தவன் நான் அல்லவா! நானோ அதற்குள் கிழக்குப் படியேறி மோட்டார் ரூமுக்குப் பின்னால் வேட்டி மாற்றிக்கொண்டு, எருமைக்குப் புல் அறுக்கக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய்விட்டேன். காது அடைத்திருந்ததால் நர்சம்மா போட்ட கூச்சல் ஒன்றும் எனக்கு எட்டவில்லை.

புல்லுக்கட்டோடு திரும்பி வந்தால் நம் கிணற்றைச் சுற்றி தேர் இழுக்கும் நாள் மாதிரி தேர்நோம்பிக் கூட்டம். மஞ்சள் காட்டில் களையெடுத்த பெண்கள், ஸ்கூல் வேன் டிரைவர், பால் சொசைட்டிக்காரர், எல்லோரும் நிற்கிறார்கள். உன் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். என்ன என்று கேட்டேன். ஒருத்தி என் காதுக்குள் வாயை வைத்து, "கொழந்த கெணத்துல உழுந்துருச்சுங்க மாமா!" என்று அலறினாள். என் பெயர் குழந்தை என்பது அந்த நொடியில் எனக்கே தோன்றவில்லை தயாளா. புல்லுக்கட்டு எங்கே போனது, வேட்டி எங்கே போனது தெரியாது, அப்படியே குதித்துவிட்டேன்.

முங்கினேன். எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினேன். நம் கிணற்றின் அடி எனக்கு என் உள்ளங்கை மாதிரி தெரியும், ஆனால் அன்றைக்கு அதுவே வேறு இடமாக இருந்தது. கைக்கு எது தட்டுப்பட்டாலும் பிடித்து மேலே கொண்டுவந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் குடம் வந்தது. ஆண்டி தொலைத்த டார்ச் லைட் வந்தது. பிறகு ஒரு பித்தளைச் செம்பு வந்தது. உன் அத்தைதான் எடுத்துப்போனாள் என்று உன் அம்மா பல வருஷமாக அவளோடு பேச்சை நிறுத்திவைத்திருக்கிறாளே, அதே செம்பு. குழந்தை மட்டும் வரவில்லை. யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாததால் தண்ணீருக்கு அடியில் அதற்கு ஒரு முகமும் இல்லை. முகம் இல்லாமல் எப்படித் தேடுவது? என் புத்தி உன் முகத்தை எடுத்து அதற்கு வைத்துவிட்டது. அரை டவுசரோடு கிணற்றடியில் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டு திரிவாயே, அந்த முகம். பயந்துவிட்டேன். லாரியில் பிரேக் பிடிக்காமல் மலைப்பாதையில் இறங்கியபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கயிறு, ஏணி, பாதாளக் கரண்டி என்று ஏகப்பட்ட சாமான். அதிகாரி மேலிருந்து, "பெரியவரே, மேல வாங்க, நாங்க பாத்துக்கறோம்!" என்று கூவினார். சைகையில்தான் எனக்குப் புரிந்தது. "நீங்க அந்த மூலயப் பாருங்க, நான் இந்த மூலயப் பாத்துக்கறேன்!" என்று பதில் கூவினேன். இறங்கிய வீரர்கள் நல்ல பையன்கள். ஆனால் என்னோடு சேர்ந்து முங்கிய ஒருவர் எனக்கு முன்னால் மூச்சு வாங்க மேலே வந்தார், நான் அதற்கப்புறம்தான் வந்தேன். இதை நான் சொல்லிக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மேலே அதிகாரி யார் வீட்டுக் குழந்தை என்று விசாரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் பிள்ளைகளைத் தலை எண்ணிப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளையும் இருக்கிறது. "மொதல்ல யாரு பாத்தது?" என்றார். நர்சம்மா அழுதுகொண்டே, "மொபெட்ல ஒரு பெரியவர் சொன்னாரு சார், சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு" என்றார். அப்படி ஒரு ராட்சசன் யாரடா என்று ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆண்டி, டீ குடித்து முடித்து எனக்கு ஒரு போண்டாவும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "ஏனுங்க, என்ன இத்தன சனம்?" என்றான். "கொழந்த கெணத்துல உழுந்துருச்சு, தேடறாங்க" என்றார்கள். போண்டாவோடு எட்டிப் பார்த்தான். "அட என்னங்க நீங்க, கொழந்த அதா செம்ப வெச்சுக்கிட்டு நீந்திட்டிருக்கறான்! கண்ணு முன்னால இருக்கறவன எங்க தேடறீங்க?" என்றான்.

அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது. எனக்குக் காது கேட்காததால் எல்லோரும் எதற்காக என்னைப் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை. நான் செம்பைத் தூக்கிக் காட்டி, "கொழந்த இன்னும் கெடைக்கலீங்க, இது மட்டுந்தான் கெடைச்சுது!" என்று சொன்னேன். அதன் பிறகு அங்கே எழுந்த சிரிப்பு காது அடைத்திருந்த எனக்கே கேட்டது. அதிகாரி தம் ரிப்போர்ட்டில், "குழந்தை பத்திரமாக மீட்கப்பட்டது" என்று எழுதினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் என்னை மீட்கவில்லை, நானாகத்தான் படியேறி வந்தேன் என்று எழுதச் சொல்லி வாதாடினேன். கடைசியில் "குழந்தை தானாகவே வெளியே வந்தது" என்று திருத்தினார். நல்ல மனுஷர். பேப்பரில்தான் "தள்ளாடும் முதியவரைக் காப்பாற்றினர்" என்று போட்டுவிட்டார்கள். தள்ளாடும்!

இதற்கு நடுவில்தான் உன் அம்மா உனக்குப் போன் செய்து, "தயாளா, கொழந்த கெணத்துல உழுந்துருச்சாம்" என்று சொல்லி, அழுகையில் போனைக் கீழே போட்டிருக்கிறாள். ஊரே யாரோ ஒரு குழந்தை என்று நினைத்தபோது, சென்னையில் இருந்த நீ ஒருவன்தான் அது நான் என்று புரிந்துகொண்டாய். புரிந்துகொண்டு மீட்டிங்கைப் போட்டது போட்டபடி காரை எடுத்துவிட்டாய். வழியெல்லாம் நீ போன் செய்ததும், இங்கே போன் புல்லுக்குள் கிடந்ததும் பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் நீ வந்து சேர்ந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து தீயணைப்புக்காரர்கள் விட்டுப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். நீ காரிலிருந்து இறங்கிய கோலத்தை நான் மறக்க மாட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டு, கதவைப் பற்றிக்கொண்டு, நிமிர முடியாமல் நின்றாய். முங்கி முங்கி எழுந்த நான் ஓடி வந்து உன்னைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். பிறகு கத்த ஆரம்பித்தாய். எவ்வளவோ நேரம் கத்தினாய். அன்று முங்கிய முங்குக்குப் பொழுது சாயும் வரைகூடக் காது திறக்கவில்லை. உன் வாய் அசைவதும் உன் கண் கலங்குவதும்தான் தெரிந்தது. பாவம், பிள்ளை பயந்துபோய் நல்லா இருக்கறீங்களா என்று கேட்கிறான் என்று நினைத்து, நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் ஆட்டியது கம்பி வலைக்கு என்று மறுநாள் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காதில் கிணற்றுத் தண்ணீர் இருக்கும்போது கிணற்றுக்கு எதிராக வாங்கிய சம்மதம் செல்லாது.

நீ பயந்ததை நான் குறை சொல்லவில்லை. அன்று தண்ணீருக்குள் நானும் அதே பயத்தைப் பட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் பயந்தால் மூடிவிட வேண்டுமா? நான் லாரி எடுத்துக்கொண்டு கிளம்பிய நாளெல்லாம் உன் அம்மா பயந்தாள். அதற்காக யாராவது நெடுஞ்சாலையைக் கம்பி வலை போட்டு மூடினார்களா? என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, மூன்று வேளை சோறு போட்டு, வெளியே போகாதே, ஏறாதே, இறங்காதே, குதிக்காதே என்று சொன்னால் நான் நிறைய நாள் இருப்பேன், சரி. அந்த நாளெல்லாம் நான் என்ன செய்வது? ஓய்வெடுங்கள் ஓய்வெடுங்கள் என்கிறீர்கள். ஓய்வு எடுத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், நாமக்கல் பட்டறைகளின் பின்பக்கம் வரிசையாக நிற்கும். டயரைக் கழற்றுவான், பேட்டரியைக் கழற்றுவான், கடைசியில் கோழி முட்டையிடும். நான் ஓடிக்கொண்டே இருந்துவிட்டு ஓடும்போதே நிற்கிற வண்டி.

போன செவ்வாய்க்கிழமை பூபதி அளவெடுக்க வந்தான். கிணற்று ஓரத்துக்கு வரவே அவனுக்குத் தலை சுற்றுகிறது, பிரஷர் மாத்திரை போடுகிறானாம், வயது நாற்பதுகூட ஆகவில்லை. டேப்பின் அடுத்த முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல், "மாமா, நீங்களே சித்த அக்கட்டப் போயி புடிங்களேன்" என்றான். எனக்குக் கூண்டு செய்ய என்னையே அளவு பிடிக்கச் சொல்கிறான், பார்த்துக்கொள். போய்ப் பிடித்தேன். அளவும் சொன்னேன். அந்த அளவுக்கு அவன் வலை செய்துகொண்டு வரட்டும், வந்து பொருத்திப் பார்க்கட்டும். அதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வலை வேண்டாம். உனக்கு என் மேல் அக்கறை இருந்தால் ஒரு காரியம் செய். அடுத்த லீவுக்கு இங்கே வா. இடுப்புக்குக் கட்டியிருக்கும் அந்த பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் மெதுவாக இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, காலை உதைத்துப் பார். சின்ன வயதில் மீன் மாதிரி நீந்தியவன் நீ. ஒரு வாரத்தில் உன் இடுப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அதற்கப்புறமும் வலை போட வேண்டும் என்று சொன்னால் அப்போது பேசலாம். அதுவரை பூபதி தன் வெல்டிங் மெஷினோடு நம் தோட்டத்துக்குள் கால் வைத்தால், நான் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டு மேலே வரமாட்டேன். என்னை உள்ளே வைத்து மூடட்டும், பார்த்துவிடலாம்.

மற்றபடி நீயும் வித்யாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல், மனக்குறை இல்லாமல், குலசாமி துணையோடு நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வித்யா தினமும் அனுப்பும் காலை வணக்கமும் முதியோர் நலக் குறிப்பும் தவறாமல் வந்து சேருகின்றன, குளித்துவிட்டு வந்து படிக்கிறேன் என்று சொல். சித்தார்த்துக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
எப்.சி. இன்னும் காலாவதியாகாத உன் அப்பா,
குழந்தைவேல்.

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துவிட்டுக் கவரில் போடப்போகிற நேரத்தில் நர்சம்மா ஜெயப்பிரியா வந்தார். அன்றைக்குக் கலாட்டா ஆனதற்கு மன்னிப்புக் கேட்க வந்தாராம். கூடவே அவருடைய சின்ன மகள் சௌமியா. பேச்சோடு பேச்சாக நாங்கள் வாசலில் இருக்க, அந்தப் பிள்ளை, கொழந்தைத் தாத்தா எங்கிருந்து குதிப்பார் என்று பார்க்க ஓடிப்போய் மோட்டார் ரூம் பக்கத்துக் கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எப்படி ஓடினேன், எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. இன்னும் அவள் கையை நான் விடவில்லை, ஒரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். பேப்பரில் வந்ததிலிருந்து கண்டவர்களும் பிள்ளை குட்டியோடு கிணற்றைப் பார்க்க வருகிறார்கள். ஆகவே பூபதியை வெள்ளிக்கிழமை வரை காக்க வைக்காதே, கடிதம் கண்டவுடனே வரச் சொல். நான் சொன்ன அளவு தப்பு, வேண்டுமென்றே குறைத்துச் சொன்னேன், மறுபடியும் ஒழுங்காக அளக்கச் சொல். வலையைக் கெட்டியாகப் போடட்டும். எந்தக் குழந்தையும் உள்ளே விழக் கூடாது. இந்தக் குழந்தை மட்டும் போய்வரக் கிழக்குப் படிப் பக்கம் ஒரு கதவு வைக்கட்டும், பூட்டும் போடட்டும். சாவி உன் அம்மாவிடம் இருக்கட்டும். இன்னொரு சாவி செய்து எனக்குத் தனியாக அனுப்பு. அது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

தயாளா, அம்மா எழுதறேன். கவர் ஒட்டறது நான்தான், அதனால இவர் எழுதினதைப் படிச்சிட்டேன். ரெண்டு சாவியும் எனக்கே அனுப்பு. இத்தனை வருஷமா தினமும் காலையில இவர் முங்கி எழுந்து படியேறுற வரைக்கும் புளியமரத்துக்குப் பின்னால நின்னு பார்த்துட்டுத்தான் நான் பால் கறக்கப் போறேன். அன்னைக்கும் இவர் ஏறி வந்ததைப் பார்த்துட்டுத்தான் போனேன், அதனாலதான் விழுந்தது வேற குழந்தைன்னு நினைச்சு அழுதேன். இது இவருக்குத் தெரிய வேண்டாம்.